ஒரு யூனிட் எத்தனை கிலோ? காரில் ஜெயிக்கும் பேட்டரி விமானத்தில் ஏன் திணறுகிறது

யூனிட் கணக்கைக் கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோமனூரில் தறி ஓட்டுபவர், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், பீளமேட்டில் லேத் பட்டறை நடத்துபவர் என்று எல்லோருமே எத்தனை யூனிட் ஓடியது என்று பார்த்துத்தான் லாபநட்டம் போடுகிறார்கள். பெட்ரோல், டீசலை மட்டும் லிட்டர் கணக்கோடு விட்டுவிடுகிறோம். அவற்றையும் யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி) கொண்டுவந்து பார்த்தால், கார் கரண்டில் ஓடும்போது விமானம் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட். டீசலில் 10. விமானத்துக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். என்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய். அதில் கிலோவுக்கு 12 யூனிட். எடைக்கணக்கில் பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். இனி, காரில் வரும் லித்தியம் பேட்டரியை அதன் பெட்டி, குளிர்விக்கும் குழாய், வயர், கட்டுப்பாட்டு போர்டு எல்லாவற்றோடும் சேர்த்துத் தராசில் வைத்தால் கிலோவுக்கு 0.13 முதல் 0.18 யூனிட் தேறும். இரும்பு பாஸ்பேட் கலந்த எல்.எஃப்.பி. வகை கீழ்ப்பக்கம், நிக்கல் கலந்த என்.எம்.சி. வகை மேல்பக்கம். லாரியில் இருக்கும் பழைய ஆசிட் பேட்டரி என்றால் 0.03, 0.04. ஆக, இன்றைக்கு நல்லது என்று சொல்லும் பேட்டரியும் எண்ணெயைவிட 70, 80 மடங்கு கனம்.

இத்தனை கனமாக இருந்தும் பேட்டரிக் கார் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. காரணம் மோட்டார். கோவைக்கு மோட்டார் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-லேயே உள்நாட்டு மோட்டார் செய்த ஊர் இது. உள்ளே போகும் கரண்டில் 90 சதவீதத்துக்கு மேல் சுழற்சியாக வெளியே தருவது கார் மோட்டார். பெட்ரோல் இன்ஜினோ, அன்றாட ஓட்டத்தில் 20, 25 சதவீதம் கொடுத்தாலே பெரிது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது.

ஒரு கணக்கு. 40 லிட்டர் டேங்க்கில் 360 யூனிட். எடை 30 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 600 கி.மீ. ஓடும். 45 யூனிட் பேட்டரியின் எடை சுமார் 300 கிலோ. யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. என்றால் 290 கி.மீ. சேமித்த சக்தியில் எட்டு மடங்கு வித்தியாசம், ஓடும் தூரத்தில் இரண்டு மடங்குதான். நடுவில் காணாமல் போன நான்கு மடங்கை மோட்டார் ஈடுகட்டிவிட்டது.

எடைக்கு யார் வாடகை கொடுப்பது

இங்கே ஒரு அளவு முக்கியம். வண்டியை ஒரே வேகத்தில் நகர்த்திக்கொண்டிருக்க, அதன் எடையில் எத்தனை பங்கு இழுவிசை வேண்டும்? ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ உள்ள கார், 60 கி.மீ. வேகத்தில் சமதரையில் போகிறது. டயர் உருளுவதற்கு 18 கிலோ, காற்றைக் கிழிப்பதற்கு 12 கிலோ, மொத்தம் 30 கிலோ இழுவிசை போதும். எடையில் 60-ல் ஒரு பங்கு. 28 டன் லாரிக்கு அதே வேகத்தில் சுமார் 85-ல் ஒரு பங்கு. ரயிலுக்கு இதைவிடப் பல மடங்கு குறைவு. காரின் எடையைத் தாங்குவது ரோடு. அதற்குப் பைசா கேட்பதில்லை.

விமானத்தின் எடையைத் தாங்குவது இறக்கை. இறக்கை அதைச் சும்மா செய்வதில்லை. நல்ல பயணிகள் விமானத்துக்கு 16-ல் ஒரு பங்கு இழுவிசை வேண்டும், அதுவும் பறக்கும் ஒவ்வொரு விநாடியும். காரில் நூறு கிலோ கூடினால் டயர் கொஞ்சம் தேயும், மேடேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். விமானத்தில் நூறு கிலோ கூடினால் இறங்கும்வரை அந்த நூறு கிலோவைக் காற்றில் பிடித்து நிறுத்திக்கொண்டே போக வேண்டும்.

எடையைத் தாங்க வேறு ஏதாவது இருந்தால் பேட்டரி வானத்திலும் வேலை செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1884 ஆகஸ்ட் 9 அன்று பிரான்ஸில் ரெனார், கிரெப்ஸ் என்ற இரு ராணுவ அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' என்ற வான்கப்பலைப் பேட்டரி மோட்டாரில் சுமார் 8 கி.மீ. ஓட்டி, கிளம்பிய இடத்துக்கே திரும்பினார்கள். ரைட் சகோதரர்களுக்கு 19 ஆண்டு முந்தி. எடையைத் தாங்கியது ஹைட்ரஜன் வாயு. மோட்டாருக்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான். சாலையில் மணிக்கு 100 கி.மீ. தாண்டிய முதல் காரும், 1899-ல், பேட்டரிக் கார்தான்.

அவிநாசி ரோட்டில், மேலேயும் கீழேயும்

60-ல் ஒரு பங்கு என்பது 60 கி.மீ. வேகத்துக்கு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100 கி.மீ. வேகத்தில் அதே காருக்குக் காற்றுக்கு மட்டும் 33 கிலோ வேண்டும். மொத்தம் 50 கிலோவைத் தாண்டி, 35-ல் ஒரு பங்காகிவிடும். கோவையிலிருந்து சேலம் போகும் நாற்கரச் சாலையில் நூறு நூற்றுப்பத்தில் அழுத்திப் பிடிப்பவர்கள், மீட்டர் காட்டிய கி.மீ. வரவில்லை என்று சொல்வது இதனால்தான். கால்பங்கு குறைவது சாதாரணம். எண்பதில் போனால் போதிய அளவு திரும்பி வரும்.

பெட்ரோல் காருக்கு நிலைமை தலைகீழ். காந்திபுரம் சிக்னலில் நின்று நின்று போகும்போது அதன் மைலேஜ் விழும். நின்றாலும் இன்ஜின் ஓடுகிறது, அரைச்சுமையில் இன்ஜினின் திறன் இன்னும் மோசம், பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும் வண்டியின் வேகம் பிரேக் பேடில் சூடாகிப் போகிறது. பேட்டரிக் கார் நிற்கும்போது ஏ.சி.க்கு மட்டும் செலவழிக்கும். பிரேக்கில் மோட்டாரே டைனமோவாகி ஒரு பகுதியைத் திருப்பித் தரும். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை போகும் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தின் மேலே ஒரே ஓட்டமாகப் போனால் பெட்ரோல் காருக்கு லாபம். கீழே சிக்னல் சிக்னலாக ஊர்ந்தாலும் பேட்டரிக் காருக்குப் பெரிய நட்டமில்லை. வாங்குபவர் தன் ஓட்டம் எதில் என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஊருக்குள் சுற்றும் டாக்ஸிக்கும், மாதம் நாலு முறை சென்னை போகும் ஜவுளி ஏஜென்டுக்கும் ஒரே பதில் இல்லை.

ஊட்டி மலை

பேட்டரிக் காரில் மலை ஏறலாமா என்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. தாராளமாக ஏறலாம். ஆனால் கணக்கு தெரிந்து ஏற வேண்டும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். ஊட்டி 2,240. நடுவில் 1,900 மீட்டர் ஏற்றம். 1,800 கிலோ வண்டியை அத்தனை உயரம் தூக்க மட்டும் 9.3 யூனிட். மோட்டார், கியர் இழப்பு சேர்த்தால் பத்தரை. குன்னூர் வழியாக 50 கி.மீ. சொச்சம் உருளுவதற்கு இன்னொரு ஐந்து. ஆக 15, 16 யூனிட். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போக 5 யூனிட். 45 யூனிட் முழுச் சார்ஜோடு காலையில் கோவையில் கிளம்பினால் ஊட்டியில் பாதிக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும். ஏறும்போது மீட்டரில் சதவீதம் சரசரவென்று இறங்கும், 'இருக்கும் தூரம்' 120 என்று காட்டும். பயப்பட வேண்டாம். அந்த எண் கடைசியாக ஓடிய சில கி.மீ. செலவை வைத்துப் போடும் கணக்கு. வண்டிக்குத் திரும்பி வரும் வழி இறக்கம் என்று தெரியாது.

இறங்கும்போது, தூக்கிய 9.3 யூனிட்டில் நாலு யூனிட் டயருக்கும் காற்றுக்கும் போகும். மிச்சத்தில் முக்கால் பங்கு, அதாவது நாலு யூனிட் பேட்டரிக்குத் திரும்பும். போய் வர மொத்தச் செலவு 22, 23 யூனிட். ஊட்டியில் சார்ஜரைத் தேடி அலையாமலே கோவை திரும்பலாம் என்பதுதான் இதன் அர்த்தம். பெட்ரோல் கார் அதே ஏற்றத்துக்குக் கூடுதலாக நாலு லிட்டர் குடிக்கும். இறக்கத்தில் ஒரு சொட்டும் திரும்பாது.

தப்பு நடப்பது வேறு இடத்தில். ஊட்டியில் இரவு தங்கி, ஹோட்டல் சார்ஜரில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குகிறவர்கள் உண்டு. நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் கரண்டைப் போட இடமில்லை. கட்டுப்பாட்டு போர்டு மோட்டார் பிரேக்கை வெட்டிவிடும். சாதாரண பிரேக் மட்டும்தான் மிஞ்சும். வண்டியோ பெட்ரோல் காரைவிட 200 கிலோ கனம், இரண்டாவது கியர் போட்டு இன்ஜினில் பிடித்து இறக்கவும் வழியில்லை. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பேட் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்து, பர்லியாறு வருவதற்குள் மிதி மெத்தென்று ஆகிவிடலாம். மார்கழி, தை மாதத்தில் இன்னொன்றும் சேரும். ஊட்டியில் வெளியே நிறுத்திய வண்டியின் செல்கள் இரவில் உறைபனி வரை குளிர்ந்திருக்கும். குளிர்ந்த லித்தியம் செல் கரண்டைக் கொடுக்கும், சீக்கிரம் வாங்காது. வற்புறுத்தி ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும் என்பதால் போர்டு மறுத்துவிடும். எனவே மேலே எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். முதல் பத்து கி.மீ. மெதுவாக இறங்குங்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசிக்கும், திம்பத்தின் 27-க்கும் இதே விதிதான்.

வீட்டில் சார்ஜ் போடுவது

பங்கில் பெட்ரோல் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் ஊற்றும். யூனிட்டில் 360. நெடுஞ்சாலையில் இருக்கும் 60 கிலோவாட் சார்ஜர் நிமிடத்துக்குச் சரியாக 1 யூனிட். இந்த இடைவெளியை மோட்டாரின் திறன் கொஞ்சம் குறைக்கும், ஒழிக்காது. அதனால் பேட்டரிக் கார் வாங்குவது என்றால் இரவில் வீட்டில் சார்ஜ் போடும் வசதி வாங்குவது என்றுதான் பொருள். அந்த வசதி இல்லாத அபார்ட்மென்ட்வாசிக்கு இன்னும் பெட்ரோல்தான் சுகம்.

காரோடு வரும் சார்ஜர் 3.3 கிலோவாட். 15 மணி நேரத்தில் 45 யூனிட்டை நிரப்பும். மீட்டரில் ஓடுவது 50. இதை ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கிலேயே சொருகிவிடுவார்கள். ஏ.சி. விட்டு விட்டு ஓடும். கார் 14, 15 ஆம்பியரை ராத்திரி முழுக்க ஒரே சீராக இழுக்கும். சாக்கெட்டில் ஸ்பிரிங் சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, கடைசியில் உருகும். 4 சதுர மி.மீ. காப்பர் வயரைத் தனியாக இழுத்து, தனி எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) போட்டு, தொழிற்சாலைகளில் மாட்டும் வகை சாக்கெட் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. 7.2 கிலோவாட் சுவர்ப்பெட்டி என்றால் 32 ஆம்பியர். 6 சதுர மி.மீ. வயரும், கசிவு வந்தால் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். வீட்டின் அனுமதித்த மின்சுமையையும் உயர்த்த வேண்டும்.

தோட்டத்து வீடுகளில் வரும் பிரச்சனை எர்த். சித்திரை வெயிலில், அடியில் பாறையும் மேலே செம்மண்ணுமாக இருக்கும் இடத்தில் எர்த் குழி காய்ந்துபோகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஒன்றிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பத்து, பதினைந்து காட்டும். சார்ஜர் சிவப்பு விளக்கு எரித்து நின்றுவிடும். கார் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கரியும் உப்பும் போட்டுக் குழியைப் புதுப்பித்துத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும். மோட்டார் ரூமில் இருக்கும் இலவச விவசாய சர்வீஸில் கார் சார்ஜ் போடுவது சட்டப்படி தவறு, அபராதம் உண்டு.

எண்பது சதவீதத்துக்கு மேல் ஏன் இழுவையாக ஏறுகிறது என்றும் கேட்பார்கள். சார்ஜ் ஏறுவது என்றால் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருவது. அடுக்கு நிரம்ப நிரம்ப உள்ளே போக நேரமெடுக்கும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படியும். அதனால் சார்ஜரே கரண்டைக் குறைத்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் எண்பதில் எடுத்துக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம். ஈரோடு, கரூர் வெயிலில் பேட்டரியை அதிகம் வதைப்பது ஓட்டமல்ல, நூறு சதவீதத்தில் நாள்கணக்கில் வெயிலில் நிறுத்துவது. என்.எம்.சி. பேட்டரியை அன்றாடம் எண்பதோடு நிறுத்தலாம். எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறை நூறு வரை விட வேண்டும். அதன் வோல்டேஜ் கோடு தட்டையாக இருப்பதால், முழுதாக நிரப்பாவிட்டால் மீட்டருக்கே இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் போகும்.

புகைக் கணக்கு சுருக்கமாக. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. சார்ஜிங் இழப்பு சேர்த்தால் பேட்டரிக் காருக்கு கி.மீ.க்கு 120 கிராம், பெட்ரோல் காருக்கு 155. குறைவு, ஆனால் பூஜ்யமில்லை.

நாமக்கல் லாரி, திருச்செங்கோடு ரிக்

பேட்டரி சரிப்படும், சரிப்படாது என்ற எல்லைக்கோடு லாரிக்கு நடுவே போகிறது. 28 டன் லாரி 400 கி.மீ. போக 100 லிட்டர் டீசல், 83 கிலோ. அதே வேலைக்கு 450 முதல் 500 யூனிட் பேட்டரி வேண்டும், 3 டன்னுக்கு மேல். இன்ஜினும் கியர்பாக்ஸும் கழிந்தால் ஒரு டன் திரும்பும். மிச்சம் 2 டன் லோடு போச்சு. டன்னுக்கு வாடகை வாங்கும் தொழிலில் 18 டன் லோடில் 2 டன் என்பது சின்ன விஷயமில்லை. 60 கிலோவாட் சார்ஜரில் எட்டு மணி நேரம் நிற்கவும் வேண்டும். தினமும் ஒரே பாதையில் போய், ராத்திரி ஒரே யார்டுக்குத் திரும்பும் வண்டிக்கு இது சரிப்படும். கோவை–திருப்பூர் நூல் வண்டி, பண்ணைக்குத் தீவனம் இறக்கும் வண்டி, மதுக்கரை சிமென்ட் வண்டி மாதிரி. இன்று குஜராத், அடுத்த வாரம் அஸ்ஸாம் என்று லோடு கிடைத்த பக்கம் போகும் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இப்போதைக்குச் சரிப்படாது.

போர்வெல் ரிக் இன்னும் கஷ்டம். அதன் கம்ப்ரஸர் இன்ஜின் 500 குதிரைத்திறன் என்று வைத்தால் 370 கிலோவாட். எட்டு மணி நேரம் ஓட்டினால் 3,000 யூனிட். பேட்டரியில் கொண்டுபோனால் 20 டன். கரண்ட் கம்பமே இல்லாத காட்டுக்குள் தண்ணீர் தேடித்தான் ரிக் போகிறது.

கோவையிலிருந்து சென்னைக்கு

இப்போது விமானம். குறுகிய தூரத்துக்கென்றே செய்த ஏ.டி.ஆர். 72-ஐ எடுத்துக்கொள்வோம். பேட்டரிக்கு இதைவிடச் சாதகமான உதாரணம் கிடைக்காது. கிளம்பும்போது அதிகபட்ச எடை 23 டன். வெறும் வண்டி 13.5 டன். ஆளுக்கும் சாமானுக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து இருப்பது 9.5 டன். கோவை–சென்னை நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ. 23 டன்னை 16-ஆல் வகுத்தால் 1.44 டன் இழுவிசை. அதை 400 கி.மீ. தள்ள 1,570 யூனிட். மோட்டார், விசிறி, வயர் எல்லாவற்றிலும் சேர்த்து கால்பங்கு போனால் 2,100 யூனிட். கிலோவுக்கு 0.18 என்ற நல்ல பேட்டரியில் அது 11.5 டன்னுக்கு மேல். இருக்கும் இடமோ 9.5 டன். ஒரு பயணிகூட ஏறாமல், பைலட்டும் ஏறாமல் கணக்கு உடைகிறது. இன்று அந்த விமானம் இதே பயணத்துக்கு எரிப்பது 700 கிலோ ஏ.டி.எஃப்.

சரி, சென்னை வேண்டாம். 7 டன் பேட்டரி வைத்து, மிச்சம் இரண்டரை டன்னில் 25 பேரை ஏற்றினால்? சுமார் 240 கி.மீ. பறக்கும். இங்கேதான் வான்பயண விதி குறுக்கே வருகிறது. டர்பைன் விமானம் போக வேண்டிய இடத்துக்குப் போனபின் அங்கே இறங்க முடியாவிட்டால், மாற்று விமான நிலையத்துக்குப் போய், அதன் மேல் இன்னும் 30 நிமிடம் சுற்றும் அளவுக்கு எண்ணெய் மிச்சம் இருக்க வேண்டும். கோவைக்குக் கிட்டத்தில் உள்ள மாற்று கொச்சி, 120 கி.மீ. அரைமணி நேரச் சுற்றல் இன்னொரு 150 கி.மீ.க்குச் சமம். ஆக 270. இருப்பதோ 240. பயணம் தொடங்குவதற்கு முன்பே கையிருப்பு போதவில்லை.

பேட்டரி கிலோவுக்கு 0.4 யூனிட்டாக உயர்ந்தது என்று வையுங்கள். மொத்தத் தூரம் 530 கி.மீ. ஆகும். கையிருப்பு 270 அப்படியே நிற்கும். பயணத்துக்கு மிஞ்சுவது 260. 25 பேரோடு பெங்களூரு போகலாம், அவ்வளவுதான். செல் அளவில் கிலோவுக்கு 0.5 யூனிட் என்று சீனாவின் பேட்டரி கம்பெனி சி.ஏ.டி.எல். 2023-லேயே அறிவித்தது. ஆனால் தனிச் செல்லின் எடை வேறு, விமானத்தில் ஏற்றும் பெட்டியின் எடை வேறு.

எண்ணெய்க்கு இன்னொரு வசதி உண்டு, பலரும் கவனிக்காதது. எரிய எரிய எடை குறைகிறது. ஏ-320 நியோ என்ற பயணிகள் விமானம் 79 டன்னில் கிளம்பலாம், இறங்கும்போது 67 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. சக்கரமும் அதன் கால்களும் அதற்குத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. பேட்டரி தீர்ந்தாலும் அதே எடை. கிளம்பிய கனத்தோடேயே தரையில் மோத வேண்டியிருப்பதால் கால்கள் பலமாக வேண்டும், பலம் என்றால் மறுபடி எடை.

கடைசிச் சொட்டு விஷயமும் உண்டு. டேங்க்கில் பத்து சதவீதம் இருந்தாலும் இன்ஜின் முழுப் பலம் தரும். பேட்டரியில் இருப்பு குறையக் குறைய வோல்டேஜ் சரியும். அதே பலத்தை எடுக்கக் கரண்ட் கூட்ட வேண்டும், கூட்டினால் சூடேறும், சூடேறினால் போர்டு குறைக்கச் சொல்லும். விமானம் ஓடுதளத்தை நெருங்கும்போது ஏதோ குறுக்கே வந்து, மறுபடி மேலே ஏற முழுப் பலம் தேவைப்படும் தருணமும், பேட்டரி மிகக் களைத்திருக்கும் தருணமும் ஒன்றாக வருகின்றன. பேட்டரி பழசாகி எண்பது சதவீதத்துக்கு இறங்கினால், காரில் மைலேஜ் குறையும். விமானத்தில் போவது அந்தக் கையிருப்பு.

தீ இன்னொரு தலைவலி. காரில் புகை வந்தால் ஓரங்கட்டி இறங்கிவிடலாம். 2013 ஜனவரியில் போயிங் 787-களில் துணை வேலைக்கு வைத்த சின்ன லித்தியம் பேட்டரிகள் பாஸ்டனிலும் ஜப்பானிலும் சூடேறிப் புகைந்ததற்கே உலகம் முழுக்க அந்த விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. தீர்வாக வந்தது எஃகுப் பெட்டியும் புகையை வெளியே விடும் குழாயும். இன்றும் பவர்பேங்க்கை செக்-இன் பையில் வைக்க விடமாட்டார்கள். கைப்பையில் 100 வாட்-மணி வரை, அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு வரை கேள்வியில்லாமல் விடுவார்கள்.

பேட்டரி வானத்தில் வேலையே செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் முழு அனுமதி பெற்ற முதல் பேட்டரி விமானம், பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ, 2020 ஜூனில் வந்தது. இரண்டு பேர், மொத்தம் 600 கிலோ, 50 நிமிடம் வரை பறக்கும். மாணவர் ஏறி, ஓடுதளத்தைச் சுற்றி, இறங்கி, மறுபடி ஏறும் பயிற்சிக்கு அது போதும். காரின் சிக்னல் ஓட்டம் போன்ற வேலை. 9 பேருக்கான எவியேஷன் ஆலிஸ் 2022 செப்டம்பர் 27 அன்று முதன்முறை பறந்தது, 8 நிமிடம். கரண்டில் சென்னை போக ஆசைப்படுபவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது. அதன் யூனிட் எல்லாம் தலைக்கு மேலே கம்பியில் வருகிறது, சுமக்கத் தேவையில்லை.

கரும்பிலிருந்து ஏ.டி.எஃப்.

விமானத்துக்கு எண்ணெய்தான் என்றால், எண்ணெயைக் கிணற்றிலிருந்து எடுக்காமல் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும். 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருள் கலந்து ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்தது. வெளிநாடு போகும் விமானங்களுக்கு இத்தகைய எரிபொருளை 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2 சதவீதம் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. எடைக்கணக்கில் இதுவும் ஏறத்தாழ 12 யூனிட்தான். குழாய், டேங்க், இன்ஜின் எதையும் மாற்ற வேண்டாம். இப்போதைக்குப் பாதிக்கு மேல் கலக்க அனுமதியில்லை. பெட்ரோலிய ஏ.டி.எஃப்.பில் உள்ள நறுமணச் சேர்மங்கள்தான் ரப்பர் வளையங்களை உப்பவைத்து இணைப்புகளைக் கசியாமல் வைக்கின்றன. இந்தப் புது எண்ணெயில் பெரும்பாலும் அவை இல்லை.

எத்தனாலை நேரே ஊற்ற முடியாது. கிலோவுக்கு ஏழரை யூனிட்டுக்குள்தான் அதில் இருக்கிறது, தண்ணீரை உறிஞ்சும், 13 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி கிளம்பும். ஏ.டி.எஃப்.புக்கு அந்த எல்லை 38 டிகிரி. எத்தனாலிலிருந்து ஆக்ஸிஜனைக் கழற்றி, மிச்சத்தைச் சங்கிலியாகக் கோத்து மண்ணெண்ணெய் ஆக்க வேண்டும். ஒரு டன்னுக்குக் குறைந்தது 1.6 டன் எத்தனால் போகும். சென்னைக்கு ஒருமுறை போக வேண்டிய 700 கிலோவுக்குச் சுமார் 1,400 லிட்டர். ஒரு டன் கரும்பின் சாற்றை அப்படியே நொதிக்க வைத்தால் 70 லிட்டர் வரும் என்று வைத்தால் 20 டன் கரும்பு, சத்தியமங்கலம் பக்கத்து விளைச்சலில் அரை ஏக்கர். சர்க்கரையை எடுத்துவிட்டு, மிஞ்சும் கழிவுப்பாகான மொலாசஸில் மட்டும் எடுத்தால் டன்னுக்கு 10, 11 லிட்டர்தான். அப்போது அந்த ஒரு பயணத்துக்கு மூன்று ஏக்கர் கரும்பு, பத்துப் பன்னிரண்டு மாதத் தண்ணீர்.